முந்தைய அளவீடு

நாலாயிரத்து எண்ணூற்றுப் பதினேழு.

நாகலூரில் கடைசி வீடு. கதவுக்குச் சாக்குத் திரை.
மீட்டர் பெட்டிக்குள் பல்லி முட்டை இரண்டு.
அன்று கணக்கெடுத்த வீடுகள் அறுபத்து மூன்று,
மற்ற அறுபத்திரண்டும்
மழையில் நின்ற சாக்பீஸ் எழுத்தாகப் போய்விட்டன.
இந்த எண்ணை நான் மனப்பாடம் செய்யவில்லை.
செய்யச் சொன்னவர்களும் இல்லை.
முக்கால் மணி நேரம் கழித்து வந்த வலி
வந்த வழியே பின்பக்கமாக நடந்துபோய்
கைக்கு அகப்பட்டதை எடுத்து வைத்துக்கொண்டது.

இறக்கத்தில், பதினான்காவது வளைவு.
நனைந்த சில்வர் ஓக் சருகு.
ஸ்கூட்டி என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போனது.
பிறகு,
தடுப்புக்கல்லின் மஞ்சள் பெயிண்டில்
ஓர் எறும்பு அதன் தலையைவிடப் பெரிதான எதையோ
இழுத்துக்கொண்டு ஏறியது.
அவ்வளவு துல்லியமாக
அதற்கு முன் நான் எதையும் பார்த்ததில்லை.
காலைப் பார்க்கவில்லை.
முட்டிக்குக் கீழே அது
வேறு திசையைப் பார்த்துக் கிடந்ததாம்.

நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.
மலைக்குளிரில் முதுகு முழுக்க வேர்வை.
இதயம் காதுக்குள் வந்து துணி துவைத்தது.
காலை இட்லியை வயிறு திருப்பிக் கொடுத்தது.
யாரைக் கேட்டு இதையெல்லாம் செய்தது உடம்பு?
எங்கள் வாரியத்தில்
ஒரு பியூஸ் மாற்ற மூன்று கையெழுத்து வேண்டும்.

சேலம் பெரியாஸ்பத்திரியில் ரெஜினா சிஸ்டர் கேட்டார்:
"தவமணி, வலி பத்துக்கு எத்தனை?"
பதினெட்டு வருடம் எண் படித்துப் பிழைத்தவள்.
இந்தப் பெட்டியில் மட்டும்
கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.
எட்டு என்றேன். எழுதிக்கொண்டார்.
அந்த எட்டு எப்படி இருந்தது என்று
இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.
எறும்பைச் சொல்வேன்.

ஆறு மாதம் கழித்து
ஒரு தகடும் ஆறு திருகாணியுமாகப் பஸ்ஸில் மலையேறினேன்.
பக்கத்து சீட்டுக்காரி தன் மருமகனின்
குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்,
நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.
பன்னிரண்டாவது வளைவின் பலகை கடந்ததும்
உள்ளங்கை நனைந்தது.
பதின்மூன்றில் தொடை இறுகி
இல்லாத பிரேக்கை மிதித்தது.
மண்டைக்குத்தான் தகவல்
எல்லோருக்கும் கடைசியாக வந்தது.

கண்டக்டரிடம் சொல்லி இறங்கினேன்.
வளைவில் பட்டர் ஃப்ரூட் விற்கும் குழந்தையன்தான்
அன்று என்னைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்.
எனக்கு அவர் முகம் புதிது.
"மொதல்ல ஒரு சத்தம் போட்டம்மா.
அப்புறம் அழவே இல்ல.
ஒரே நம்பரச் சொல்லிக்கிட்டே இருந்த.
வீட்டுக்குப் போன் போடலாம்னு அழுத்திப் பாத்தேன்,
நாலு நம்பருக்கு மேல நீ சொல்லல."
பழத்தை நீட்டிய கை நடுங்கியது.
அவருக்கு ஒன்றும் உடையவில்லை.
ஆனாலும் வளைவில் எந்த டயர் கிறீச்சிட்டாலும்
தராசைக் கீழே போட்டுவிடுகிறாராம்.
அந்த முதல் சத்தம் என்னிடம் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.
அது அவரிடம் இருக்கிறது.

நாகலூர் வீட்டில் சாக்குக்குப் பதில் நீலத் தார்ப்பாய்.
பெட்டிக்குள் முட்டை ஓடுகள் மட்டும்.
ஐயாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு.
கருவியில் முந்தைய அளவீடு:
ஐயாயிரத்து நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
நானில்லாமல் இரண்டு தடவை யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
சரிதான், கரண்ட் நிற்குமா.
விரல் மட்டும்
நாலு, எட்டு என்று ஆரம்பித்துவிட்டது.
அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

"ஏம்மா இவ்வளவு வந்திருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.
"மோட்டார் ஓடியிருக்கும்" என்றேன்,
சுவரைப் பிடித்துக்கொண்டு.
வானம் வெளுப்பாகத்தான் இருந்தது.
திருகாணி ஆறும் மழை என்றன.
குடை எடுத்து வரவில்லை.